இரண்டு பத்திலிருந்து ஐந்து நாற்பது வரை

ஆகஸ்டில் அல் அய்ன்.
வெளியே நாற்பத்தெட்டு.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் தொடவேண்டும்.
உள்ளே, நான்காம் அறையில், பன்னிரண்டு டிகிரி.
அந்தப் பன்னிரண்டுக்குக் காவல் நான்.

ஒன்பது குள்ள லெமூர்கள்.
பெட்டிக்கு ஒன்றாகச் சுருண்டு
வாலில் சேர்த்த கொழுப்பைச்
சிம்மில் வைத்த அடுப்பாய் எரித்துக்கொண்டு.
நிமிடத்துக்கு எட்டுத் துடிப்பு.
மூச்சு, ஞாபகம் வந்தால் ஒன்று.
முதல் வாரம்
செத்துருச்சு மேடம் என்று ஓடினேன்.
வுவாஹிரானா சிரிக்கவில்லை.
கையுறைக்குள் இருந்த என் விரலைப் பிடித்து
ஒரு சின்ன விலாவின்மேல் வைத்து
எண்ணு, என்றார்.
ஒன்று.
பிறகு அறை முழுக்க மெஷின் சத்தம் மட்டும்.
பிறகு இரண்டு.

பக்கத்து அறையில் சுண்டெலி லெமூர்கள்.
அறுபது கிராம், அதில் பாதி கண்.
பகலை இரவாக்கிய சிவப்பு விளக்கில்
கிளைக்குக் கிளை ஒரு பஞ்சு பறக்கும்.
தேவாங்கு மாதிரி முழிக்காதே என்று
என்னைத் திட்டாத வாத்தியார் இல்லை.
தேவாங்கு என்றால் என்ன என்று கேட்டு
கைப்பேசியில் படம் பார்த்து
தன் தீவின் மிருகங்களுக்குத்
தூரத்துச் சொந்தம்தான், என்றார் அவர்.
வசவுக்கும் வம்சம் உண்டு போல.

கேம்ப்பில் மீரான்கனி சொல்வான்:
நம்மள மாதிரிதான்டா அதுவும்,
சேத்து வச்சிட்டு, சுருண்டு கெடந்து,
சீசன் வரட்டும்னு பாக்குது.
இல்லை மீரான்.
அதுக்கு சீசன் உண்டு.

பதிவேட்டில் ஒருநாள்
'தூங்குகிறது' என்று எழுதினேன், தமிழிலேயே.
என்ன சொல் இது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு
அடித்தார்.
தலையில் ஒட்டிய முடிபோன்ற கம்பியிலிருந்து
திரைக்கு வரும் கோட்டைக் காட்டினார்:
தட்டையாகக் கிடக்கிறது பார்,
இந்தக் குளிரில் மூளைக்குத் தூக்கம் கிடையாது.
தூங்க வேண்டுமென்றால்
இது முதலில் சூடாக வேண்டும்.
ஆறு பேர் அறையில், ஏசி பதினெட்டில்,
போர்வைக்குள் விடிய விடிய முழித்துக் கிடப்பவனுக்கு
இதைச் சொல்ல
ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

வியாழக்கிழமை, மதியம் இரண்டு பத்து.
கம்ப்ரஸர் நின்றது.
மொட்டை மாடியில் மூடியைத் திறந்தால்
கெபாசிட்டர் உப்பி வெடித்திருக்கிறது.
ஸ்பேர் துபாயில். வண்டி கிளம்பிவிட்டதாம்,
வண்டி எப்போதும் கிளம்பியேதான் இருக்கும்.
வாக்கி டாக்கியில் அவர் எண்களை மட்டும் சொன்னார்:
பத்தொன்பது.
இருபத்து நான்கு.
முப்பத்தொன்று.
திட்டு வந்திருந்தால் தேவலை.
மேனேஜர் அறை யூனிட்டைப் பிரித்தேன்.
அனுமதி அப்புறம்.
உள்ளங்கைத் தோல் தகரத்தோடு கொஞ்சம் போனது.

ஐந்தரைக்கு இறங்கி வந்தேன்,
வேர்வை பூட்ஸுக்குள் நடந்தது.
ரெடி மேடம்.
அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.
திரையில்,
இடது காதில் ஒரு வெட்டு உள்ளதின் கோடு
மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பெட்டிக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
மூடிய இமைக்குள் கண் உருண்டது,
எதையோ துரத்துவதுபோல்,
அல்லது எதிலிருந்தோ ஓடுவதுபோல்.

"தூங்குது," என்றார்.
அடித்த சொல்லை வைத்திருந்திருக்கிறார்.

ஆன் பண்ணட்டுமா?
பத்து நிமிஷம்.

சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றேன்.
எனக்கும் கண் சொக்கியது,
சூட்டில்தான்.

கட்டுரை அச்சாகி வந்தது.
மூன்றாவது வரைபடத்தில்
விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் பட்டை:
உபகரணக் கோளாறு, 14:10 – 17:40.
என் பெயர் எங்கும் இல்லை, தேடவும் இல்லை.
ஆனால் அந்தப் பட்டையின் வலது ஓரத்தில்
ஒரு நகக்கீறல் அகலம்,
கடைசிப் பத்து நிமிடம்,
எந்த மெஷினும் பழுதில்லை.